புடவைக்குப் பதிலாக வந்த பெட்டிகள்

அண்ணி,

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது, டேக் வந்த அட்டைப் பெட்டி கையில் அகப்பட்டது. குப்பையில் போடலாமென்று திறந்தால் உள்ளே இன்னும் மஞ்சள் வாசனை. டேக்தானே, போனில் எண்களாகக் கிடக்கும் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் ஒரு சாமான், சோப்பு டப்பா அளவு, எங்கோ ஒரு தொழிற்சாலையில் தலைக்கு உறை மாட்டிக்கொண்டு செய்திருப்பார்கள். அதைப் பச்சை மஞ்சள் கொத்துக்கும் வெல்லத்துக்கும் நடுவில் செருகி, சிதம்பரத்திலிருந்து ரயிலில் எடுத்து வந்து, தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த முதல் ஆள் நீங்கள்தான். பெட்டியை மூடித் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிட்டேன்.

இன்று காணும் பொங்கல். அண்ணன் சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டார். வீடு சும்மா இருக்கிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதப் போவதில் முக்கால்வாசி உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு நேற்றுவரை தெரியாமல் இருந்தது.

எங்கள் பாட்டுப் பெட்டியின் கதை உங்களால் தொடங்கவில்லை, என் வீட்டுக்காரரால் தொடங்கியது. நான் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். பகலெல்லாம் கம்ப்ரசர் சத்தம், ஐஸ் உடைக்கிற சத்தம், படகுக்காரர்கள் அந்தச் சத்தத்தை மீறிப் பேசுகிற சத்தம். வீட்டுக்கு வந்தும் காதுக்குள் ஐஸ் உடைந்துகொண்டிருக்கும். குறிஞ்சிப்பாடியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த ஒருவர் பந்தல் தொழிலுக்கு மாறியபோது, அவரிடமிருந்து பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் இரண்டு மர ஸ்பீக்கர்களையும் இவர் வாங்கி வந்தார். டிராயிங் மாஸ்டர் அல்லவா, சுவரோரம் ஸ்பீக்கர் வைப்பதற்கு அளவுகோலும் நூலும் வைத்துக் கோடு போட்டார். எல்லாம் கச்சிதம். பாட்டை எதிலிருந்து கொடுப்பது என்பதை மட்டும் யோசிக்கவில்லை. போனின் காது ஓட்டையில் ஒரு ஒயரைச் செருகி, மறுமுனையை ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, இதோ பார் என்றார்.

நீங்கள் அந்த வாரம் வந்திருந்தீர்கள். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டீர்கள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவர். ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்துக் கொடுத்து உங்கள் காது தனியாக ஒரு ஆள் மாதிரி ஆகியிருந்தது. பாட்டு நன்றாக இருக்கிறதா என்று நாங்கள் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, “லைன்ல மழை பெய்யுதே பாப்பா” என்றீர்கள்.

பாட்டுக்கு அடியில் தூறல் மாதிரி ஒரு இரைச்சலாம். எனக்குக் கேட்கவில்லை. அதைச் சொன்னபோது, “உனக்கு எப்டி கேக்கும், ஐஸ் கம்பெனி காது” என்றீர்கள். அன்றிலிருந்து நமக்குள் சண்டை. உலகத்தில் நாத்தனாரும் அண்ணியும் நகைக்கும் பாத்திரத்துக்கும் சண்டை போடுவார்கள், நாம் கொரகொரப்புக்குப் போட்டோம்.

அடுத்த பொங்கலுக்குத்தான் ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தீர்கள். பிறந்த வீட்டுச் சீரில் அரிசி, வெல்லம், மஞ்சள், கரும்பு எல்லாம் வழக்கம்போல வரும். புடவை மட்டும் வராது. புடவைக்கு ஒதுக்கின தொகைக்குள், ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டுக் கொடுக்கிற ஒரு பெட்டி வரும். அதைத் தாண்டி ஒரு ரூபாய் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டீர்கள். இன்டர்நெட்டில் பாட்டுச் சாமான் வாங்குகிற ஆட்கள் பட்ஜெட், பட்ஜெட் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நம் பட்ஜெட் ஒரு சுமாரான பட்டுக் கலப்புப் புடவை.

முதலில் வந்தது, ஒயர் இல்லாமலே போனிலிருந்து பாட்டைப் பிடிக்கும் புளூடூத் ரிசீவர். கட்டை விரல் அளவு. பக்கத்து வீட்டம்மா சீர்த் தாம்பாளத்தைப் பார்க்க வந்து, எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, “புடவை வக்கலியா?” என்றாள். “வச்சாங்களே, இதான்” என்று காட்டினேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கொசு மருந்தா என்று கேட்டாள். இரண்டு நாளில் தெரு முழுக்க என் பிறந்த வீடு நொடித்துப் போய்விட்டதாகப் பேச்சு.

ரிசீவர் நன்றாகத்தான் பாடியது. அதன் ஒரே குறை, யார் போன் முதலில் கூப்பிட்டாலும் போய் ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் நீங்கள் கண்ணை மூடி ஆலாபனை கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வித்வான் மேல் ஸ்தாயிக்குப் போய் நின்ற இடத்தில், ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆள் மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழம் சாப்பிடச் சொன்னான். என் வீட்டுக்காரர் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு மட்டும் சத்தமே வரவில்லை. அதனால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். கூடம் அதிர்ந்தது. நீங்கள் கண்ணைத் திறக்காமல், “ராங் கனெக்‌ஷன்” என்றீர்கள்.

அதற்கடுத்த வருஷம் நான் டேக் கேட்டேன். நீங்கள் சி.டி. பிளேயர் கொண்டுவந்தீர்கள். சீராக வந்ததை எப்படி வேண்டாம் என்பது. திருப்பிக் கொடுக்கக் கூடாது, மாற்றக் கூடாது, குறை சொல்லக் கூடாது. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் செய்தீர்கள். “வட்டு சுத்தறது கண்ணுக்குத் தெரியுது பாரு. பாட்டு எங்கருந்து வருதுன்னு தெரியணும். போன்ல வர்றது ஆகாசத்துலருந்து வருதா, எவன் வீட்லருந்து வருதா?” என்றீர்கள். சன்னதித் தெருக் கடையில் வருஷக்கணக்காக வாங்கிச் சேர்த்திருந்த உங்கள் சி.டி.க்களில் பாதி அன்றைக்கே எங்கள் வீட்டுக்குக் குடிவந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் காத்திருந்தேன். அடுத்த பொங்கலுக்கு, மஞ்சள் கொத்துக்குள்ளிருந்து டேக் வந்தது. கொடுக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிடிக்காத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பவர் மாதிரி இருந்தது.

ஆம்ப்ளிஃபயரில் எதை எங்கே திருப்ப வேண்டும் என்ற எழுத்துகள் எல்லாம் குறிஞ்சிப்பாடியிலேயே அழிந்திருந்தன. அதனால் நீங்களே குமிழைச் சுற்றி அடையாளம் வைத்தீர்கள். சி.டி. பிளேயர் பாடும் இடத்தில் மஞ்சள். டேக் பாடும் இடத்தில் குங்குமம். கூடத்தில் ஏதோ அம்மன் குடிவந்தது போல இருந்தது. முதுநகர் உப்புக் காற்றில் குமிழின் உள்பக்கம் அரித்துப்போய், மஞ்சளிலிருந்து குங்குமத்துக்குத் திருப்பினால் கொரகொரவென்று ஒரு சத்தம் போடும். அது மட்டும் ஐஸ் கம்பெனி காதுக்கும் கேட்கும்.

பிறகு ஒரு வருஷம் முழுக்க போனில் வாதம்தான். சி.டி.யில் குரலுக்கு உடம்பு இருக்கிறது என்பீர்கள். டேக்கில் மூச்சு விடுவது கூடக் கேட்கிறது என்பேன். “மூச்சைக் கேக்கறதுக்கு டாக்டர்கிட்ட போ” என்பீர்கள். கடைசியில் பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவானது. மஞ்சள் ஜெயித்தால் அடுத்த சீர் இதைவிட நல்ல சி.டி. பிளேயர். குங்குமம் ஜெயித்தால் போனே வேண்டாமல் இன்டர்நெட்டிலிருந்து தானே பாட்டை எடுக்கும் ஸ்ட்ரீமர். என் மானமே அதில் இருந்தது.

அந்தப் பொங்கலுக்குப் பெட்டி இல்லை, காணும் பொங்கலன்று நீங்களும் அண்ணனும் பரீட்சைக்கென்றே வந்தீர்கள். ஒரே பாட்டை இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓட விடுவது. நாம் இருவரும் சுவரைப் பார்த்து உட்காருவது. என் வீட்டுக்காரர் குமிழைத் திருப்பி, “ஒண்ணு” “ரெண்டு” என்று மட்டும் சொல்வது. எது எதுவென்று கடைசியில்தான் சொல்லுவார். சத்தத்தை மட்டும் சரியாகச் சமன் செய்து வைக்கச் சொன்னீர்கள். “ஜாஸ்தி சத்தமா பேசறவன் சொல்றதுதான் எப்பவும் சரின்னு தோணும். எக்ஸ்சேஞ்சுல நெறைய பாத்துட்டேன்” என்றீர்கள். மனிதர் அன்றைக்கு ரொம்ப சிரத்தை. நாம் திரும்பிப் பார்த்தாலும் தெரியக் கூடாதென்று பிளேயர், டேக், குமிழ் எல்லாவற்றையும் ஒரு துண்டால் மூடி, கையைத் துண்டுக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அண்ணன் மூலையில் உட்கார்ந்து கரும்பு கடித்துக்கொண்டிருந்தார். குக்கர் விசிலுக்கும் நாகசுரத்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்பதால் அவருக்கு ஓட்டு இல்லை.

டக். ஒண்ணு. டக். ரெண்டு. நான் பேசினேன் பாருங்கள், அதை இப்போது நினைத்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடலாம் போலிருக்கிறது. ஒன்றில் ஜன்னல் சாத்தின மாதிரி இருக்கிறது என்றேன். இரண்டில் மிருதங்கம் வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, தம்பூரா பின்னால் தெரிகிறது என்றேன். ஒன்றில் பாடகருக்குச் சளி பிடித்திருக்கிறது என்றுகூடச் சொன்னேன். நீங்கள் ஒன்றுமே சொல்லவில்லை. முழுப் பாட்டும் கேட்டீர்கள். எங்கே நீங்கள் மஞ்சளைச் சரியாகப் பிடித்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயம். பாட்டு முடிந்ததும், “ரெண்டுதான் நல்லாருக்கு” என்றீர்கள். இவர், “ரெண்டு குங்குமம்” என்றார்.

எதற்கும் விட்டுக்கொடுக்காத நீங்கள் தோற்றுவிட்டீர்கள். என் வாழ்க்கையில் அந்த மாதிரி ஒரு சாயங்காலம் கிடையாது. அடுத்த பொங்கலுக்குச் சொன்னபடி ஸ்ட்ரீமர் வந்தது. அதை வைத்துக்கொண்டு எத்தனை முறை உங்களைச் சீண்டியிருக்கிறேன். ஐஸ் கம்பெனி காது எக்ஸ்சேஞ்சு காதை ஜெயித்த கதையைக் கம்பெனியில் சொன்னேன், பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னேன், உங்கள் சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். நீங்கள் சாம்பாரை ஊற்றிக்கொண்டு, “ஆமாம்மா, அவதான் ஜெயிச்சா” என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது, “ரூம்ல ஏசி ஐம்பது சைக்கிள்ல ஹம்முன்னு இரையுது, இவுங்க யாருக்கும் கேக்கல” என்று என்னிடம்தான் புகார் சொன்னீர்கள். எனக்கும் கேட்கவில்லை. கேட்கிறது என்று சொன்னேன். உங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும் அண்ணி. அதை அப்போதே சொல்லியிருக்கலாம், ஆனால் நாம் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை.

போன வருஷம் பண்டிகை இல்லை. அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது. கூப்பிட்டால், வரேன் பாப்பா, வரேன் பாப்பா என்பார், வரமாட்டார். இந்த வருஷம் மார்கழி முடியும் தறுவாயில் அவரே போன் செய்தார். “பாப்பா, பொங்கல் வருதே. இந்த வருஷம் இன்னா பெட்டி வாங்கணும்? அவ இருந்தா அவளே பாத்துப்பா. எனக்கு ஒண்ணும் தெரியாதே” என்றார்.

உண்மையில் எனக்கு ஒன்றும் வேண்டாம். நம்முடைய ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இந்த டேக்கே ஜாஸ்தி. இதற்கு மேல் எதை மாட்டினாலும் பெட்டியின் விளக்கு நிறம் மாறுமே தவிரப் பாட்டு மாறாது. ஆனால் போதும் என்று சொன்னால், சரி, புடவைக்குப் பணம் அனுப்பிடறேன் என்று போனிலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். சீர் நின்றுபோகும். பெட்டிதான் அவரை வீட்டைவிட்டுக் கிளப்புகிறது. “புடவைன்னு சொல்லிடு, கஷ்டப்படுத்தாத” என்றார் என் வீட்டுக்காரர். நான் அண்ணனிடம், “நீயே பாத்து எடுத்துட்டு வாண்ணா. எடுத்துட்டு வந்து, பொங்கலுக்கு இங்கயே இரு” என்றேன்.

போகியன்று காலையில் வந்து இறங்கினார். கரும்பை இரண்டாக வெட்டிக் கட்டியிருந்தார், நீங்கள் கட்டுகிற மாதிரியே. மஞ்சள் கொத்துக்குள் ஒரு சின்ன பெட்டி. பிரித்தால், அதே டேக். அதே கம்பெனி, அதே சிவப்பு விளக்கு, ஒரு திருகாணிகூட வித்தியாசமில்லை. “கடையில என்னென்னவோ காட்னான். நான் சோப்பு டப்பா சைசுல, செவப்பு லைட்டு எரியுமே, அத குடுன்னேன். அவ ஜெயிச்சுதுன்னு சொன்னது இதானே” என்றார்.

நேற்று மாட்டுப் பொங்கல். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, நான் வழக்கம்போல அந்தப் பரீட்சைக் கதையை எடுத்தேன். ஜன்னல் சாத்தின இடம் வந்தபோது அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். நீங்கள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தார்.

“உக்காருங்க மாப்ள” என்றார் அண்ணன். “எங்க போறீங்க? பாப்பா, அன்னிக்கு ரயில் ஏறினதுலருந்து பரங்கிப்பேட்ட தாண்ற வரைக்கும் அவ சிரிச்சிகினே வந்தா. எதிர்ல உக்காந்திருந்தவங்கல்லாம் பயந்துட்டாங்க. ‘ஒண்ணும் கெடயாது, ரெண்டும் கெடயாது, நாள் பூரா குங்குமம்தான் பாடுச்சு’ன்னா.”

எனக்குப் புரியவில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

அப்புறம்தான் வெளியே வந்தது. பரீட்சையன்று காலையில் சி.டி. பிளேயரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். வட்டைப் போட்டால் வட்டே இல்லை என்று காட்டுகிறது. உப்புக் காற்று உள்ளே போய் லென்ஸைக் கெடுத்துவிட்டது. “சீரா வந்த சாமான் செத்துப் போச்சுன்னு அக்காகிட்ட நான் எப்டி சொல்றது, அதுவும் பண்டிகை நாளும் அதுவுமா?” என்றார். அதனால்தான் துண்டு. துண்டுக்குள் குமிழைக் குங்குமத்திலேயே வைத்துக்கொண்டு, “ஒண்ணு” “ரெண்டு” என்று வாயால் சொல்லியிருக்கிறார். நோட்டில் கோடு ஒரு நூல் விலகினால் பிள்ளைகளைத் திரும்பப் போடச் சொல்கிற மனிதர். மறுவாரம் பிளேயரைக் கமுக்கமாக எடுத்துக்கொண்டு போய்த் துடைத்து ஓட வைத்துக் கொண்டுவந்துவிட்டார். நான் கம்பெனியில் ஐஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

“அக்காவுக்கு எப்டி தெரிஞ்சுது மச்சான்?” என்று கேட்டார் இவர். நிஜமாகவே அவருக்கு அது புதிராக இருந்தது.

“குமிழு திரும்பினா கொரகொரன்னு சத்தம் வருமாமே. அன்னிக்கு வரவே இல்லன்னா. ‘தம்பி நாக்காலயே டக்கு டக்குன்னு போடறாரு, முப்பது வருஷம் எக்ஸ்சேஞ்சுல இருந்தவகிட்ட’ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. ஏன்டி அங்கயே சொல்லலன்னேன். ‘சொன்னா தம்பி பொய் சொன்னதா ஆவும், நம்ம சீரு செத்ததா ஆவும், பாப்பாவுக்குக் காதே இல்லன்னு ஆவும். மூணு பேர் மானத்தையும் வாங்கிகினு நான் எந்த ஊருக்குப் போறது? பாடினது குங்குமம், ஜெயிச்சதும் குங்குமம், அதுல இன்னா தப்பு?’ன்னா.”

ஆக அன்றைக்குக் கூடத்தில் இருந்த நான்கு பேரில், ஒருவர் ஏமாற்றினார், ஒருவர் கண்டுபிடித்தார், ஒருவர் கரும்பு கடித்தார். ஜன்னல் சாத்தியிருக்கிறது, சளி பிடித்திருக்கிறது என்று ஒரே பெட்டியின் சத்தத்துக்கு இரண்டு ஜாதகம் எழுதியவள் நான் ஒருத்திதான். பந்தியில் அதைச் சொன்னபோது நீங்கள் சாம்பாரை ஊற்றிக்கொண்ட விதம் ஞாபகம் வந்தது. கோபம் வரவில்லை அண்ணி. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கவில்லை.

இன்று மதியம் அண்ணன் கிளம்புவதற்கு முன்னால், “புதுசைப் போட்டுப் பாத்தியா? எப்டி இருக்கு?” என்று கேட்டார். பழைய டேக்கை என் போனிலும், புதியதை இவர் போனிலும் மாட்டினோம். மஞ்சள் இருந்த இடத்தில் புதியது. நானும் அண்ணனும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தோம். “நெஜமாவே திருப்புங்க” என்றேன். திருப்பினார். குமிழ் கொரகொரத்தது.

இரண்டும் ஒன்றுதான். ஒன்றாக இல்லாமல் எப்படி இருக்கும், இரண்டும் ஒரே சாமான். அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் பை, காலில் செருப்புக்கூடப் போட்டாயிற்று. நன்றாக இருக்கிறது, போதும் என்று நான் சொன்னால், அவ்வளவுதான். இனி அவருக்கு எதைத் தேடிக் கடைக்குப் போவது, எதை எடுத்துக்கொண்டு ரயில் ஏறுவது. அந்தக் கேள்வி அவர் முகத்தில் அப்படியே இருந்தது.

“பாட்டு நல்லாருக்குண்ணா” என்றேன். “ஆனா லைன்ல லேசா மழை பெய்யுது. உனக்குக் கேக்கல?”

அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். குக்கருக்கும் நாகசுரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவர். “ஆமாம் பாப்பா, பெய்யுது” என்றார். “எதுனால?”

“தெரியல. ஒயரா இருக்கலாம். வேற எதாவதா இருக்கலாம். நீ நடுவுல ஒரு தடவ வந்து கேட்டுட்டு, அடுத்த பொங்கலுக்கு என்ன வாங்கலாம்னு பாக்கலாம்.”

“மாசில வரேன்” என்றார். படியிறங்கும்போது, “கடைக்காரன்கிட்ட மழைன்னு சொன்னா புரியுமா?” என்று கேட்டுக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் துண்டை எடுத்து ஆம்ப்ளிஃபயர் மேல் போட்டு மூடினார்.

அண்ணன் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு, சி.டி. பிளேயரை மறுபடி மஞ்சளில் மாட்டி, உங்கள் சி.டி.யில் ஒன்றை எடுத்துப் போட்டு, கண்ணை மூடி முழுக்கக் கேட்டேன். லைன் சுத்தம். ஒரு தூறல்கூட இல்லை. அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.